அக்காவுக்கு, அம்மாவோட எண்ணெய் அலமாரியிலருந்து

அக்கா,

வர்ற சனிக்கிழமை அம்மாவோட தலைத்தெவசம். நீ வரமாட்டேன்னு தெரியும். ஏன் எதுக்குன்னு இங்க எழுதப் போறதில்ல, சித்தி வீட்டுல எல்லாரும் இத படிப்பாங்க, மாமா படிப்பாரு, அப்புறம் போன் மேல போன் வரும். வீட்டு விஷயத்தையும் இழுக்கல, அது நமக்குள்ள. வாட்ஸாப்ல எழுதுனா ரெண்டு நீல டிக் மட்டும்தான் பதிலா வருது, அதனாலதான் இங்க வந்து உக்காந்திருக்கேன்.

நேத்து அம்மா அடுப்படிய காலி பண்ணேன். ஒரு வருஷமா நாளைக்கு நாளைக்குன்னு தள்ளிக்கிட்டே இருந்து, சரி தெவசத்துக்கு முன்னாடி முடிச்சிடணும்னு நேத்துதான் முடிவு பண்ணேன். சிங்க்குக்கு மேல இருக்குற அந்த அலமாரி. நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய், அடியில கெட்டியாப் போன வெளக்கெண்ணெய், வேப்பெண்ணெய், நெய் டப்பா, அப்புறம் பிரிக்காத கோடாலி தைலம் மூணு பாட்டில், ஊருக்குப் போனா குடுக்கலாம்னு வாங்கி வச்சிருப்பாங்க போல. எல்லாத்தையும் தரையில பேப்பர் விரிச்சு வரிசையா வச்சேன். பாப்பா வந்து பாத்துட்டு, "எல்லாமே ஆயில்தானப்பா, எதுக்கு இத்தன பேரு"ன்னா.

எனக்கு உன் ஞாபகம்தான் வந்துச்சு. எண்ணெய்னா எள் பிளஸ் நெய்னு தமிழ் டீச்சர் சொல்லிக் குடுத்த அன்னிக்கு நீ அம்மா முன்னாடி தலைய குடுத்து உக்காந்துக்கிட்டு, "அப்ப தேங்காயெண்ணெயில எள்ளு எங்கம்மா இருக்கு"ன்னு கேட்டியே. "எள்ளு காயுது எண்ணெய்க்கு, எலிப்புழுக்கை எதுக்குக் காயுது, தலைய ஆட்டாத"ன்னு மண்டையில ஒரு தட்டு. அதோட உன் ஆராய்ச்சி முடிஞ்சுது. பாவம், நல்ல கேள்வி அது. பாப்பாவுக்கு நான் சொன்னேன், உனக்கும் சொல்றேன், முப்பத்தஞ்சு வருஷம் லேட்டு.

பழைய தமிழ்ல நெய்னா பசு நெய் மட்டும் இல்ல, பிசுபிசுன்னு கொழுப்பா இருக்குற எல்லாத்துக்கும் நெய்தான். வெள்ளையா திரண்டு வந்தா வெள் நெய், அது வெண்ணெய். எள்ளுலருந்து ஆட்டுனா எள் நெய், அது எண்ணெய். ரத்தத்துக்குக்கூட நெய்த்தோர்னு ஒரு பேரு உண்டு. போகப் போக எள்ள மறந்துட்டாங்க, எத புழிஞ்சாலும் எண்ணெய், தேங்காய், வேம்பு, ஆமணக்கு, கடைசியில மண்ணுக்கடியிலருந்து வந்ததுக்கும் மண்ணெண்ணெய். அப்புறம் நெஜமான எள்ளு எண்ணெய்க்குத் தனியா பேரு இல்லாமப் போயி, "நல்ல"ன்னு ஒரு சர்டிஃபிகேட் குடுக்க வேண்டியதாப் போச்சு. நம்ம ஊர்ல மட்டும் இல்ல, தெலுங்குக்காரங்க எண்ணெய "நூனெ"ங்குறாங்களே, அதுவும் நுவ்வுன்னா எள்ளு, அந்த எள்ளுல வந்த நெய்தான். சமஸ்கிருதத்துல எள்ளு திலம், திலத்துலருந்து தைலம். ஆக கோடாலி தைலத்துலயும் பேருக்குள்ள எள்ளு இருக்கு, பாட்டிலுக்குள்ள மெந்தாலும் யூகலிப்டஸும்தான். பாப்பா சொன்ன ஆயில் இருக்கே, அது லத்தீன் கிரேக்கம்னு பின்னாடியே போனா ஆலிவ் காயில போயி நிக்குது. பெட்ரோலியம்னா கல்லுலருந்து வர்ற ஆலிவ் எண்ணெய்! அப்பா இருந்திருந்தா சிரிச்சிருப்பாரு. புக்கோம் தீவுல 1961ல தொறந்ததுதான் சிங்கப்பூரோட மொத பெட்ரோலிய எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, அப்பா அங்க வேலைக்குச் சேந்தது ரொம்ப வருஷம் கழிச்சு, ஆனா ஆலையவே இவருதான் கட்டுன மாதிரி பேசுவாரு. அவரு சட்டையில வந்த எண்ணெய் வாசத்த யாரும் கிண்டல் பண்ணதில்ல, கவனிச்சியா?

மலாய்ல இன்னும் சுலபம். எண்ணெய்னா மின்யாக். பக்கத்து வீட்டு மக்சிக், அந்த மலாய் ஆன்ட்டி, நெய்ய "மின்யாக் சாப்பி"ம்பாங்க, மாட்டு எண்ணெய்னு அர்த்தம். சென்ட்டுக்கு "மின்யாக் வாங்கி"ன்னு பேரு, வாசன எண்ணெய். காருக்குப் போடுற பெட்ரோலும் மின்யாக்தான். யாரையும் ஒன்னும் பண்ணாத ஒரு வார்த்த.

இத பாப்பாகிட்ட சொல்லிக்கிட்டே வந்தவன் அங்க நின்னுட்டேன்.

நீ பிரைமரி சிக்ஸ், பிரிஃபெக்ட் வேற, நான் பிரைமரி ஃபோர். ரீசஸ். கேன்டீன்ல மீ, அதான் நூடுல்ஸ், விக்கிற கடை பக்கத்து பெஞ்ச்ல என் கிளாஸ் பசங்களோட உக்காந்திருக்கேன், நீ தூரத்துல வர்றப்பவே ஒருத்தன் மூக்கப் பொத்திக்கிட்டு "மின்யாக், மின்யாக்"குன்னான். ரெட்ட சடை, சிவப்பு ரிப்பன், அம்மா வச்ச எண்ணெய் நெத்தியில இறங்கி காதுகிட்ட வெயில்ல மின்னுது. நான் காச வீட்டுலயே மறந்துட்டு வந்திருந்தேன், அத குடுக்கத்தான் நீ வந்த. "யாரு அது, உங்க அக்காவா"ன்னு அவன் கேட்டான். இல்ல, பக்கத்து புளோக்குன்னு சொன்னேன். உனக்குக் கேட்டுச்சு. நீ ஒன்னும் சொல்லல, அம்பது காச டேபிள் மேல வச்சிட்டுத் திரும்பிப் போயிட்ட. அந்தக் காசுல உன் விரல் ரேகை எண்ணெயா பதிஞ்சிருந்துச்சு. நான் அத பேன்ட்ல தொடச்சிட்டு மீ வாங்கித் தின்னேன்.

சாயங்காலம் நீ பாத்திரம் கழுவுற சோப்பு போட்டு தலைய அலசுன, கண்ணெல்லாம் செவந்து போயி, அம்மா அடிச்சாங்க. ஏன்னு கேட்டப்போ நீ என்ன காட்டிக் குடுக்கல. நான் ஹால்ல உக்காந்து டிவி பாத்துக்கிட்டிருந்தேன்.

எனக்குப் பத்து வயசுக்கா. பத்து வயசுப் பையன் என்ன பண்ணுவான்? நீயே சொல்லு. ஆனா பத்து வயசுன்னு சொல்லிச் சொல்லியே நாப்பத்தஞ்சு வந்துடுச்சு, இன்னும் ஒரு சாரி கேக்கல. சாரி. இத எல்லாரும் பாக்குற எடத்துல எழுதுறதுக்குக் காரணம், அன்னிக்கு இல்லன்னு சொன்னதும் எல்லாரும் பாக்குற எடத்துலதான்.

இன்னொன்னும் சொல்லிடறேன். அம்மா முட்டிக்கு எண்ணெய் போட சிராங்கூன் ரோட்டுக்குக் கூட்டிட்டுப் போவேன்ல, அங்க வைத்தியர் ஒரு நாள் சொன்னாரு, சிநேகம்னா சமஸ்கிருதத்துல எண்ணெய்ப்பசைன்னும் அர்த்தம், பாசம்னும் அர்த்தம், ரெண்டுக்கும் ஒரே வார்த்தையாம். அம்மா உடனே "என் மவளுக்கு இத சொல்லணும்டா"ன்னாங்க. வாரா வாரம் டாக்சி புடிச்சு, லீவு போட்டு, சக்கர நாற்காலிய மடக்கி ஏத்தி எறக்குனவன் நான், சொல்ல வேண்டியது மவளுக்கு. கடைசி மாசம் அவங்க தலைக்கு எண்ணெய் வச்சு சிக்கெடுத்ததும் நான்தான், ஆம்பள கை, எனக்கென்ன தெரியும், "ஒங்கக்கா மாதிரி வராது"ன்னு கண்ண மூடிக்கிட்டே சொன்னாங்க. நீ அப்போ ஆஸ்திரேலியாவுல, பெர்த்ல. டிக்கெட் வெல ஜாஸ்தின்ன. சரி விடு, இதுக்கு மேல எழுதுனா மாமாவுக்குத் தீனி.

பாட்டில் எல்லாம் கழுவி ரீசைக்கிள் பண்ற புளூ பின்ல போட்டுட்டேன், நல்லெண்ணெய் மட்டும் சனிக்கிழமை வெளக்குக்கு வச்சிருக்கேன். எண்ணெய் எதுவும் உனக்கு அனுப்பப் போறதில்ல, உங்க ஊரு கஸ்டம்ஸ்ல நோண்டிக்கிட்டு நிப்பான். அலமாரி மூலையில அம்மாவோட மரச் சீப்பு கெடச்சுது, உன் தலைக்குன்னு வச்சிருந்தாங்களே அது. அத பார்சல்ல போட்டாச்சு. பல்லுக்கு நடுவுல எண்ணெய் அழுக்கு கறுப்பா அப்படியே இருக்கு, கழுவல.

தம்பி