முப்பது நிமிடத்துக்கு மேல் எண்ணத் தெரியாத மணிக்கூடு

நல்லூர்,
யாழ்ப்பாணம்.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. எழுபதாவது பிறந்தநாளுக்கு மகன் வாங்கித் தந்த கைமணிக்கூடு முதல் நாளே பழுது, பெரிய செக்கன் முள் பன்னிரண்டிலேயே நிற்கிறது, சொன்னால் பிள்ளை மனம் நோவான் என்று பெட்டிக்குள் திரும்ப வைத்துவிட்டதாக எழுதியிருக்கிறாய். வாசித்துவிட்டு விறாந்தையில் தனியே இருந்து சிரித்தேன். என்னவென்று கேட்டு வந்த மனைவியும் சிரித்தாள். கணக்குப் பாடத்தில் என்னை முந்திய ஆள் நீதானா என்று கேட்கச் சொன்னாள்.

பழுது ஒன்றும் இல்லை. அந்தப் பெரிய முள் ஓட்டப்பந்தயம்போல நேரம் அளப்பதற்கு, நீ கூப்பிட்டால்தான் ஓடும். வழமையான செக்கன், ஒன்பது மணிப் பக்கத்துச் சின்ன வட்டத்துக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார். மேலே உள்ள பொத்தானை அழுத்தினால் பெரிய முள் புறப்படும், இன்னொரு தடவை அழுத்தினால் நிற்கும். நின்ற பிறகு கீழ்ப் பொத்தானை அழுத்து, துள்ளிப் பன்னிரண்டுக்கு வந்துவிடும். மேல்வட்டம் முப்பது நிமிடம் எண்ணும், கீழ்வட்டம் பன்னிரண்டு மணித்தியாலம் எண்ணும்.

ஒன்றை மட்டும் மறவாதே. முள் ஓடிக்கொண்டிருக்கும்போது கீழ்ப் பொத்தானைத் தொடாதே. அப்படி ஓட்டத்திலேயே திருப்பிவிடக்கூடிய வகையும் உண்டு, உன்னுடையது அதுவல்ல. ஓடும் மாட்டுவண்டியின் சில்லுக்குள் தடியை விடுகிற வேலை அது.

கையை உதறினால் உள்ளே எதுவோ கழன்று சுழல்வதுபோல இருக்கிறது என்றும் பயந்திருக்கிறாய். பின்கண்ணாடி வழியாக 7750 என்று தெரிகிறது என்றாயே, அதுதான் காரணம். அந்த இயந்திரத்தில் கை அசைய அசையச் சுருள்வில்லை முறுக்குகிற பாரத்தட்டு ஒரு பக்கம் சுழலும்போதுதான் வேலை செய்யும். மறுபக்கம் சும்மா விர்ரென்று சுழலும். 1970களிலிருந்து அதை வைத்திருக்கிற எல்லோரும் அந்தக் குலுக்கத்தோடுதான் வாழ்கிறார்கள்.

என்னுடைய மஞ்சள் முகச் சீக்கோ மணிக்கூட்டை நினைவிருக்கிறதா? 1978 இல் அண்ணை குவைத்திலிருந்து கொண்டுவந்தது. உன் 400 மீற்றர் ஓட்டத்தை அதில்தானே அளந்தேன்? 6139 இலக்க இயந்திரம். 1969 இல் உலகத்தில் முதன்முதல் வந்த தானியங்கிக் குரோனோகிராப்புகளில், அதாவது இப்படி நேரம் அளக்கும் முள்ளும் உள்ள கைமணிக்கூடுகளில், ஒன்று. 1973 இல் ஸ்கைலாப் விண்கூடத்துக்குப் போன வில்லியம் போக் என்ற அமெரிக்கர் இதே மஞ்சள் முகச் சீக்கோவைத் தன் சொந்தப் பொருளாகக் கொண்டுபோனார். அண்ணைக்கு அது தெரியாது. நிறம் பிடித்திருந்தது, வாங்கினார்.

நீ போன பிறகு நடந்ததை உனக்கு எழுதியதில்லை. 1990 இல் சண்டை மறுபடி தொடங்கியதும் இங்கே பற்றரிக்குத் தடை. சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் வானொலி கேட்டோம். பற்றரி மணிக்கூடுகள் வீட்டுக்கு வீடு ஒவ்வொன்றாக நின்றன. என்னுடையது கை அசைந்தால் ஓடும். அதனால் ஒழுங்கையில் இருந்தவர்கள் படலைக்கு வந்து நேரம் கேட்பார்கள். நான் அதை நல்லூர்க் கோயில் மணியோடு ஒத்துப்பார்த்துச் சொல்வேன். முருகன் பூசை நேரம் தவறமாட்டார் என்பது உனக்குத் தெரியும்தானே.

1995 ஒக்டோபர் 30 இரவு, சண்டை நெருங்கி ஊரே இடம்பெயர்ந்து மழைக்குள் எல்லோரும் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, படலையைப் பூட்டிய கையோடு மேல்பொத்தானை அழுத்தினேன். ஏன் என்று இன்றைக்கும் தெரியாது. ஓட்டப்பந்தயப் பழக்கமாக இருக்கலாம். என்னுடையதில் முப்பது நிமிட வட்டம் ஒன்றுதான் உண்டு, மணித்தியாலம் எண்ணாது. அம்மாவைச் சைக்கிளில் இருத்தித் தள்ளிக்கொண்டு, நாவற்குழிப் பாலத்தில் சனத்தோடு சனமாக நின்று நின்று நகர்ந்தோம். சின்ன முள் எத்தனை சுற்றுச் சுற்றியது என்பதை எங்கேயோ தவறவிட்டுவிட்டேன். கைதடியில் விடிந்தபோது அது பதினேழில் நின்றது. எத்தனையாவது பதினேழு என்று சொல்ல ஆளில்லை.

அன்றைக்குக் கண்ணாடிக்கு உட்புறம் ஆவி படிந்தது. அரிசித் தகரத்துக்குள் புதைத்து வைத்தேன். ஆவி போய்விட்டது, நானும் நிம்மதியானேன். உள்ளே துரு பிடித்தது பிறகுதான் தெரிந்தது. ஆகவே உன் கண்ணாடியில் ஒருநாள் ஆவி தெரிந்தால் அரிசியை நம்பாதே, அந்தக் கிழமையே திறந்து பார்க்கக் கொடு. மூடியில் 30 மீற்றர் என்று பொறித்திருந்தால் அது கைகழுவும்போது தெறிக்கும் தண்ணீருக்குத்தான். பொத்தான்களை நனைந்த கையோடு அழுத்தாதே.

அதைவிடத் துன்பம் பிறகு கொழும்பில் ஒரு கடையில் நேர்ந்தது. கேட்காமலே உடலைத் தீட்டி விளிம்பெல்லாம் மழுங்கடித்து, எண்ணெயை அள்ளி ஊற்றிக் கொடுத்தார்கள். கூடின எண்ணெய் தூசியைப் பிடித்துச் சேறாகும். இங்கே யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் அப்போது இருந்த ஒரு கிழவர்தான் கண்ணில் வில்லையைச் செருகிக்கொண்டு, பற்சில்லுகளை ஒவ்வொன்றாகக் கழுவி, ஊசிமுனையால் துளித்துளியாக எண்ணெய் தொட்டார். "தம்பி, இது கிணற்று வாளி இல்லை" என்றார். ஐந்தாறு வருடத்துக்கு ஒருமுறை அப்படிப்பட்ட ஒருவரிடம் கொடு. நன்றாகத்தானே ஓடுகிறது என்று தள்ளிப்போடாதே. காய்ந்த எண்ணெயோடும் அது ஓடும், பல்லைத் தின்றுகொண்டு ஓடும்.

திகதியை இரவு எட்டிலிருந்து விடியற்காலை மூன்றுவரை மாற்றாதே. அந்த நேரத்தில் அதன் பற்கள் தாமாகவே திகதியைத் தள்ளத் தயாராகிக்கொண்டிருக்கும். கைபேசி உறையில் காந்தம் இருந்தால் அதன்மேல் கழற்றி வைக்காதே. திடீரென்று நாளுக்குப் பல நிமிடம் முந்தத் தொடங்கினால் முதலில் காந்தத்தைச் சந்தேகி. திருத்துபவர் ஒரு நிமிடத்தில் எடுத்துவிடுவார். பெரிய முள்ளை நாள் முழுக்க ஓடவிடவும் வேண்டாம். என்னுடையதன் அமைப்பு வேறு, அது தாங்கும். உன்னுடையதில் அது வீண் தேய்மானம். ஆனால் பெட்டிக்குள் மட்டும் வைக்காதே. தேநீர் ஊறுவதையாவது அளந்து பார்.

நான் போன மாதம் கொழும்பு பஸ்ஸை அளந்தேன். விளிம்பில் எண்கள் இருக்கின்றனவே, அவை வேகம் பார்க்க. ஒரு கிலோமீற்றர் கல்லில் அழுத்தி அடுத்த கல்லில் நிறுத்தினால் முள் காட்டும் எண்தான் மணித்தியால வேகம். கிளிநொச்சி தாண்டி 40 செக்கன், அதாவது 90 கிலோமீற்றர். நடத்துநரிடம் காட்டினேன். "ஐயா, முறிகண்டியில் இறங்கிப் பிள்ளையாரிடம் சொல்லுங்கள்" என்றான்.

முழங்கால் நோ இன்னும் இருக்கிறது. உங்கள் வளவுக் கறுத்தக்கொழும்பான் இந்த முறை குறைவுதான், அணில் தின்றது போக இருபது மாம்பழம் வந்தது. திருவிழாவுக்கு வருவதென்றால் மணிக்கூட்டைக் கையில் கட்டிக்கொண்டு வா, பெட்டியோடு கொண்டுவராதே. அங்கே கிடைத்தால் 6139 இன் பின்மூடிக்கு ஒரு றப்பர் வளையமும் வாங்கி வா, என்னுடையது காய்ந்து வெடித்துவிட்டது.

உன் பழைய வாங்குத் தோழன்