அடிதடிப் படம் என்று ஒதுக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சண்டைப் படங்களில் ரத்தமும் சத்தமும் தவிர வேறொன்றும் இல்லை என்று சென்ற இதழ்க் கட்டுரையில் படித்தேன். வன்முறை பற்றிய கவலை எனக்கும் உண்டு. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக முடியாத படங்கள் பெருகிவிட்டன. ஆனால் அவற்றில் கலையே இல்லை என்றால் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

2015இல் வந்த ‘மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோடு’ என்ற ஆங்கிலப் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கதை என்று பார்த்தால் பாலைவனத்தில் ஒரு துரத்தல், அவ்வளவுதான். இரண்டு மணி நேரத்தில் சுமார் 2,700 கட், அதாவது அத்தனை முறை ஷாட் மாறுகிறது. ஒரு ஷாட் சராசரியாக மூன்று விநாடிகூட நிற்பதில்லை. அப்படியும் யார் எந்த வண்டியில் இருக்கிறார், அடி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதில் குழப்பமே வராது. இயக்குநர் ஜார்ஜ் மில்லரும் ஒளிப்பதிவாளர் ஜான் சீலும், நாம் பார்க்க வேண்டிய முகத்தையோ கையையோ துப்பாக்கியையோ ஃபிரேமின் நடுவிலேயே வைத்துக்கொண்டு போகிறார்கள். ஷாட் மாறினாலும் கண் எங்கும் தேட வேண்டியதில்லை. நம்மூர்ப் படங்கள் பலவற்றில் கேமரா குலுங்குகிற குலுக்கலில் யார் யாரை அடித்தார் என்றே தெரிவதில்லை!

அப்புறம் நிறம். நமீபியாவின் மணல் கொதிக்கும் ஆரஞ்சாகவும் வானம் அடர்நீலமாகவும் இருக்கும். சேற்றில் லாரி சிக்கிக்கொள்கிற அந்த நீல இரவோ பட்டப்பகலில் எடுத்தது. வேண்டுமென்றே வெளிச்சத்தைக் கூட்டிப் பதிவு செய்து, பிறகு இருட்டாக்கி நீலம் ஏற்றியிருக்கிறார்கள். அதனால்தான் அந்த இருட்டிலும் முகங்கள் தெளிவாகத் தெரிகின்றன. ஓடும் வண்டிகளில் நட்ட நெடுங்கம்பங்களின் உச்சியில் தொங்கி ஆடுபவர்களும் கம்ப்யூட்டர் பொம்மைகள் அல்ல, ஸ்டண்ட் கலைஞர்கள்தான்.

படம்பிடித்த சுமார் 480 மணி நேரக் காட்சிகளை இரண்டு மணி நேரமாக்கியவர் மார்கரெட் சிக்ஸெல். அதற்குமுன் அவர் சண்டைப் படம் எதையும் எடிட் செய்ததில்லை. படம் வாங்கிய 6 ஆஸ்கர் விருதுகளில் ஒன்று அவருடையது.

கதை பிடிக்கவில்லையா, தாராளமாகத் திட்டி எழுதுங்கள். ஆனால் வரும் இதழ்களிலாவது, சண்டைப் படத்துக்கு விமர்சனம் எழுதும்போது ஒளிப்பதிவாளர், எடிட்டர், ஸ்டண்ட் மாஸ்டர் பெயர்களைப் போட்டு, அவர்கள் செய்த வேலையைப் பற்றி ஒரு பத்தியாவது எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திண்டுக்கல்