பேரன் நிற்கும் இடம்

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று போனில் உன் குரலே சரியில்லை. அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் பேரனைப் பந்து எறிகிற குவாட்டர்பேக் ஆக்காமல், அவனுக்கு இடதுபக்கம் காவல் நிற்கிற லெஃப்ட் டாக்கிளாகப் போட்டுவிட்டார்கள், கோச்சைப் பார்த்துப் பேசப்போகிறேன் என்றாய். இதைப் படித்துவிட்டுப் போ.

"பந்தையே தொடாத இடம்பா அது" என்றாய். வாஸ்தவம்தான். குவாட்டர்பேக்குக்கு முன்னால் அரணாக அஃபென்சிவ் லைனில் நிற்கிற ஐந்து பேர் பெயரும் ஸ்கோர் பட்டியலில் வராது. எதிராளியைக் கையால் பிடித்து நிறுத்துகிற ஹோல்டிங் தப்பைச் செய்து பத்து கெஜம் பறிபோனால்தான் மைக்கில் அவர்கள் நம்பரைச் சொல்வார்கள்.

2007-இல் நீ டெக்சாஸுக்குக் கிளம்பிப்போன வருஷம்தான் லெஃப்ட் டாக்கிள் ஜோ தாமஸ் இங்கே கிளீவ்லாந்தில் பிரவுன்ஸ் அணிக்கு வந்தார். அணிகள் புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கிற டிராஃப்டில் மூன்றாவது ஆளாக அவர் பெயரைக் கூப்பிட்டபோது நியூயார்க் மேடையில் அவர் இல்லை. அப்பாவோடு மிச்சிகன் ஏரியில் மீன்பிடிக்கப் போய்விட்டார். அதைக் கேட்டதுமே அந்தப் பிள்ளையை எனக்குப் பிடித்துவிட்டது.

நீ இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஸ்டேடியத்தில் ஏரிக்காற்றில் நடுங்கிக்கொண்டு அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பந்தை விட்டுவிட்டு 73-ஆம் நம்பரை மட்டும் பார்த்தால் ஆட்டமே வேறு. ஸ்னாப் ஆனதும், அதாவது பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கியதும், இடது காலைப் பின்னால் வைத்து, இடுப்பைத் தாழ்த்தி, கிட்டத்தட்ட 140 கிலோ உடம்போடு பின்பக்கமாகவே சறுக்கிக்கொண்டு போவார். முன்னால் பாய்ந்து வருகிறவனுக்கு நேராக ஓடுகிற வசதி. இவர் பின்னால் போய்க்கொண்டே அவனை மறிக்க வேண்டும். வலதுகைக்கார குவாட்டர்பேக் பந்து எறியத் திரும்பினால் அவன் முதுகு இடதுபக்கம் இருக்கும். அந்த முதுகுக்குக் காவல் இவர். காவல் தவறினால் அடி அவனுக்கு. அந்த அணியில் குவாட்டர்பேக்குகள் மாறிக்கொண்டே இருந்தார்கள், இவர் மட்டும் அதே இடத்தில் நின்றார்.

ஒரு ஸ்னாப்கூட விடாமல் தொடர்ந்து 10,363 ஸ்னாப் ஆடினார். பத்து வருஷத்துக்கு மேல். 2017 அக்டோபரில் டென்னசி அணியோடு ஆடும்போது இடது கை ட்ரைசெப்ஸ் கிழிந்து வெளியேறினார். அதோடு சரி, அப்புறம் ஆடவேயில்லை.

அத்தனை உழைத்தும் அவருக்கு சீசன் முடிவில் சிறந்த அணிகள் மோதுகிற பிளேஆஃப் ஆட்டம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அவர் வருவதற்கு முன் 2002-இல் பிரவுன்ஸ் போனது, அவர் போனபின் 2020-இல் போனது. கடைசி வருஷம் பதினாறு ஆட்டமும் தோல்வி. அது எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் 2023-இல் கேன்டனில், தலைசிறந்த வீரர்களைக் கௌரவிக்கிற ஹால் ஆஃப் ஃபேமில் அவரைச் சேர்க்க, தகுதி வந்த முதல் வருஷமே போதுமாக இருந்தது. பக்கத்திலே நின்று ஆடியவர்களுக்கும் எதிரே நின்றவர்களுக்கும் அவர் யாரென்று தெரியும்.

இதைச் சொல்வதால் எனக்குப் பயமில்லை என்று நினைக்காதே. அந்த எடையை வைத்திருக்க அவர் பசியில்லாமலும் சாப்பிட்டார், ஓய்வு பெற்றபின் இருபது கிலோவுக்கு மேல் குறைத்தார். நம் பையனுக்குப் பதினைந்து வயது. எடை ஏற்று என்று யாராவது சொன்னால் முதலில் டாக்டரிடம் போ. தலை விஷயத்தில் இன்னும் கவனமாக இரு. லைனில் நிற்கிறவர்களுக்கு ஒவ்வொரு ஆட்டத்திலும் முட்டல் உண்டு. ஹெல்மெட் மண்டையோட்டைத்தான் காக்கும், உள்ளே மூளை குலுங்குவதை நிறுத்தாது. தலை சுற்றுகிறது, வெளிச்சம் கூசுகிறது என்று அவன் சொன்னால் அன்றைக்கே நிறுத்து. கோச்சிடம் பேசப் போகிறாய் அல்லவா, இதைப் பேசு. இடத்தை மாற்றச் சொல்லிக் கேட்காதே. பின்னால் நிற்கிறவனைக் காக்க இவனால் முடியும் என்று பார்த்துத்தான் அவர் அங்கே நிறுத்தியிருக்கிறார். அது அவனுக்குக் கிடைத்த மரியாதை, தம்பி. உன் முகம் வாடினால் அவன் அதைக் குறை என்று நினைத்துவிடுவான்.

அவன் ஆடுகிற முதல் வெள்ளிக்கிழமைக்கு எங்கள் இரண்டு பேருக்கும் டிக்கெட் போடு. பந்து எங்கே போகிறதென்று அம்மாவுக்கு நீ சொல்லிக்கொண்டிரு. நான் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அன்புடன்,
அப்பா