செயலாளர் ஆண்டறிக்கை 2024–25

நம் குடியிருப்புச் சங்கத் தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு மாதம் தவறாமல் கூடியது. மழைக்கு முன்பே வடிகால் தூர்வாரப்பட்டது. மாடித் தொட்டிகள் கழுவப்பட்டன, லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தமும் புதுப்பிக்கப்பட்டது. செலவு விவரங்களைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு எல்லோரும் அதிகம் பேசியது கேட்டில் வைத்த நம்பர் பிளேட் படிக்கும் கேமராவைப் பற்றித்தான். அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இந்தத் தொழில்நுட்பம் 1976-ல் பிரிட்டன் காவல்துறையின் ஆய்வுப் பிரிவில் உருவானது. சென்னையில் 2019-லேயே அண்ணா நகர் சந்திப்புகளுக்கு வந்துவிட்டது. வாட்ச்மேன் டார்ச் அடித்து நோட்டில் எண் எழுதி முடிப்பதற்குள் வண்டிகள் ரோடு வரை நிற்பதைப் பார்த்துத்தான் நாமும் இதை வாங்கினோம்.

முதலில் கேமராவைக் கம்பத்தின் உச்சியில் பொருத்தியிருந்தார்கள். அங்கிருந்து பார்த்தால் எழுத்துகள் நசுங்கித் தெரியும். வேகத்தடைக்கு நேராக நெஞ்சளவு உயரத்துக்கு இறக்கிய பிறகுதான் ஒழுங்காகப் படித்தது. இரவில் அதன் அகச்சிவப்பு ஒளியை, பிளேட்டில் உள்ள படலம் வந்த வழியே திருப்பி அனுப்புகிறது. அதனால் ஹெட்லைட் கூச்சத்திலும் எண் பளிச்சென்று தெரிகிறது.

ஆயுத பூஜைக்கு மறுநாள் கேட்டில் பெரிய தகராறு. நம் உறுப்பினர்களின் வண்டிகளுக்கே தடுப்புக் கம்பி தூக்கவில்லை. பிளேட்டில் வைத்த சந்தனமும் குங்குமமும் 3-ஐ 8 ஆக்கியிருந்தன. எழுத்து வர வேண்டிய இடத்தில் எண் வந்தால் மென்பொருள் தானே திருத்திக்கொள்ளும். 1, 0 போலவே தெரியும் ஐ, ஓ என்ற ஆங்கில எழுத்துகளை நம் நாட்டில் வண்டி எண்ணின் வரிசை எழுத்தாகக் கொடுக்காததும் அதற்கு வசதி. ஆனால் ஓர் எண் இன்னோர் எண்ணாகத் தெரிந்தால் அதற்குச் சந்தேகமே வராது. எனவே பொட்டை பானெட்டில் வையுங்கள், எலுமிச்சை மிளகாயை பிளேட்டுக்குக் குறுக்கே தொங்கவிடாதீர்கள். 2019 ஏப்ரல் 1 முதல் வந்த புது வண்டிகளில் உயர் பாதுகாப்பு எண் பலகை கட்டாயம். பழைய வண்டி வைத்திருப்பவர்களும் மாற்றிக்கொள்ள வேண்டுகிறேன். விதிப்படி காரில் எழுத்தின் உயரம் 65 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அலங்கார எழுத்துகளை கேமராவும் படிக்காது, சட்டமும் ஏற்காது.

உறுப்பினர் வண்டிகளின் பட்டியலில் இல்லாத வண்டிகளை முன்போலவே வாட்ச்மேன் விசாரித்து அனுப்புவார். ஆம்புலன்ஸ் வந்தால் கேமரா படிக்கும்வரை காத்திருக்காமல் உடனே கம்பியைத் தூக்கச் சொல்லியிருக்கிறோம்.

அப்புறம், ஒரு முக்கியமான விஷயம். இன்னொரு வீட்டு வண்டி இரவு எத்தனை மணிக்கு வந்தது என்று பார்த்துச் சொல்லும்படி ஒருவர் கேட்டார். செயற்குழு மறுத்துவிட்டது. யார் எப்போது வீடு திரும்புகிறார்கள் என்பது செயலாளருக்கோ பக்கத்து வீட்டுக்கோ தெரிய வேண்டிய விஷயமே அல்ல. கேட்டைத் திறக்கச் சேர்த்த தகவல் வேவு பார்க்கப் பயன்பட்டால், அந்த கேமராவைக் கழற்றி வைப்பதே மேல் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். தனிநபர் தரவைப் பாதுகாக்க 2023-ல் நாடாளுமன்றம் ஒரு சட்டமே இயற்றியிருக்கிறது.

ஆகவே இன்று உங்கள் ஒப்புதலுக்கு ஒரு தீர்மானம் வைக்கிறோம். பதிவுகள் 30 நாளில் தானாக அழிய வேண்டும். திருட்டு, விபத்து போன்றவற்றில் காவல்துறை எழுத்துமூலம் கேட்டால் மட்டுமே தர வேண்டும். பதிவை எடுக்கும்போது தலைவரும் செயலாளரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும்.

புது வண்டி வாங்கியவர்களும், வீடு காலி செய்பவர்களும் பட்டியலில் திருத்தம் செய்ய அலுவலகத்தில் படிவம் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்து, பொருளாளர் வரவு செலவுக் கணக்கை வாசிப்பார்.