ஃபார்மட் செய்வதற்கு முன் அந்தப் பிழைச் செய்தியைப் படியுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்ததிலிருந்து, பழைய கணினியைக் கழித்துக் கட்டிவிட்டுப் புதிதாக வாங்குங்கள் என்ற பேச்சுதான் எங்கும் கேட்கிறது. முடிந்தவர்கள் வாங்கட்டும். ஆனால் கறுப்புத் திரையில் ஓடும் டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய காலத்து இயங்குதளம்) புரோகிராமில் இன்றும் கணக்கு வைத்திருப்பவர்கள் அவசரப்பட வேண்டாம். 64 பிட் விண்டோஸில் பழைய 16 பிட் டாஸ் புரோகிராம் நேரடியாக ஓடவே ஓடாது, விண்டோஸ் 11 வருவதே 64 பிட்டில் மட்டும்தான். புது மெஷின் வந்த அன்று பழைய கணக்கைத் திறக்க முடியாமல் தவிப்பார்கள்.

சரி, பழைய மெஷினிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றால், புரோகிராம் பாதியில் நின்றுபோகிறது என்று சர்வீஸ் கடையில் சொன்னதும் வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "ஃபார்மட் பண்ணிடலாம் சார்." எங்கள் தெருப் பலசரக்குக் கடைக்காரரின் வீட்டுக் கணினிக்கும் இதையே சொன்னார்கள். 90-களில் யாரோ கிளிப்பர் என்ற டாஸ் கால மொழியில் எழுதிக் கொடுத்த புரோகிராம் அது, கடன் பாக்கி மொத்தமும் அதில்தான் இருக்கிறது. எழுதியவர் எங்கே என்று தெரியாது, அசல் ஃபிளாப்பியும் இல்லை. காப்பி எடுக்காமல் ஃபார்மட் செய்திருந்தால் எல்லாம் போயிருக்கும். திரையில் என்ன செய்தி வந்தது என்று அந்தச் சர்வீஸ் கடையில் ஒருவர்கூடக் கேட்கவில்லை என்பதுதான் எனக்குக் கோபம்.

புரோகிராம் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில், ஒரே செய்தியோடு நிற்கிறதா, இல்லை ஒருநாள் பில் போடும்போது, ஒருநாள் பிரிண்ட் எடுக்கும்போது, ஒருநாள் சும்மா இருக்கும்போதே என்று கண்டபடி நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒரே இடம் என்றால் பெரும்பாலும் கோளாறு புரோகிராமிலோ, அதன் ஃபைல்களிலோ, டாஸ் அமைப்பிலோ இருக்கும். கண்டபடி என்றால் மெஷினைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்: ரேம், சூடு, மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டி, மதர்போர்டில் தலை உப்பிய கெபாசிட்டர்கள். 2000-களின் தொடக்கத்தில் வந்த போர்டுகள் பலவற்றில் தரம் குறைந்த கெபாசிட்டர்கள் இருந்தன, மூடியைத் திறந்தால் கண்ணுக்கே தெரியும். மெம்டெஸ்ட் புரோகிராமை ஓரிரவு ஓடவிட்டால் ரேம் கெட்டிருக்கிறதா என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். கடைக்காரர் விஷயத்தில் அதில்தான் சிவப்புக் கோடுகள் வந்தன. ரேமைக் கழற்றி, அதன் தங்கப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடைத்து, திரும்பப் பொருத்தியதும் கோடுகள் நின்றன, புரோகிராமும் நிற்காமல் ஓடுகிறது. செலவு எதுவும் இல்லை.

ஒரே இடத்தில் நிற்பவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது 'ரன்டைம் எரர் 200'. டர்போ பாஸ்கல் என்ற பழைய நிரல் மொழியில் எழுதிய பல புரோகிராம்கள் தொடங்கும்போதே இந்தச் செய்தியோடு விழுந்துவிடும். மெஷினுக்கு வயதாகிவிட்டது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள், ஆனால் காரணம் மெஷினின் வேகம். அந்தப் புரோகிராம்களில் சேரும் சிஆர்டி என்ற பகுதி, ஆரம்பத்திலேயே ஒரு வெற்றுச் சுழற்சியை ஓடவிட்டு, கடிகாரத்தின் ஒரு துடிப்புக்குள், அதாவது ஏறக்குறைய 55 மில்லிசெகண்டுக்குள், அது எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணி, அதை 55-ஆல் வகுக்கும். ஏறக்குறைய 200 மெகாஹெர்ட்ஸும் அதற்கு மேலும் போகும் பிராசஸர்களில் விடை 65,535-ஐத் தாண்டிவிடுகிறது, 16 பிட்டுக்குள் அடங்காது. உடனே பிராசஸர் வகுத்தல் பிழை என்று நிறுத்திவிடும், புரோகிராமோ பூஜ்யத்தால் வகுத்ததாகச் செய்தி காட்டும். இதற்கு ஃபார்மட் செய்து என்ன பயன்? இஎக்ஸ்இ ஃபைலைத் திருத்தும் சிறிய பேட்ச்கள் இலவசமாகவே கிடைக்கின்றன, அல்லது பழைய டாஸ் கணினியைப் போலவே நடந்துகொள்ளும் டாஸ்பாக்ஸ் என்ற புரோகிராமில் வேகத்தைக் குறைத்து ஓட்டலாம்.

அப்புறம் மின்வெட்டு. யுபிஎஸ் இல்லாத வீட்டில் பதிவு செய்யும் நேரத்தில் கரண்ட் போனால் இண்டெக்ஸ் ஃபைல் கெட்டுப்போகும், அடுத்த முறை பெயரைத் தேடினாலே புரோகிராம் விழும். உண்மையான கணக்கு இருப்பது டிபிஎஃப் ஃபைல்களில், என்டிஎக்ஸ் என்று முடிபவை வெறும் தேடுபட்டியல்கள். ஃபோல்டர் முழுவதையும் பென்டிரைவில் காப்பி எடுத்துவிட்டு, புரோகிராமின் மெனுவில் உள்ள ரீஇண்டெக்ஸைக் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். காப்பி எடுக்காமல் எதையும் தொடாதீர்கள்.

ஒரே சமயத்தில் பல ஃபைல்கள் திறந்திருக்கின்றன என்ற செய்தி வந்தால், டாஸின் அமைப்பு விவரங்கள் இருக்கும் கான்ஃபிக் ஃபைலில் ஃபைல்ஸ் என்ற வரியைப் பாருங்கள். அந்த வரி இல்லாவிட்டால் டாஸ் 8 ஃபைல்களுக்குத்தான் இடம் கொடுக்கும், கிளிப்பர் புரோகிராம்களுக்கு அது எந்த மூலைக்கு? விண்டோஸ் எக்ஸ்பியில் அதே வரி கான்ஃபிக் என்டி என்ற ஃபைலில் இருக்கும். தேதி தானாகப் பல வருடம் பின்னால் போய், புரோகிராம் பதிவை ஏற்க மறுத்தால், மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கும். சிறிய செலவில் மாற்றிவிடலாம்.

மெஷின் உண்மையிலேயே முடிந்துபோனாலும் வழி இருக்கிறது. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கணினியில் மாட்டி, எல்லாவற்றையும் காப்பி எடுத்து, புது மெஷினில் டாஸ்பாக்ஸ்-எக்ஸ் போட்டு அதற்குள் ஓட்டலாம். சாதாரண டாஸ்பாக்ஸ் விளையாட்டுகளை மனதில் வைத்துச் செய்தது. கணக்குப் புரோகிராமுக்குப் பிரிண்டர் தேவை என்பதால் எக்ஸ் வகையையே நான் சிபாரிசு செய்வேன்.

உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் வாராவாரம் புது மொபைல் அறிமுகம் வருகிறது. அதில் அரைப் பத்தி இதற்கும் ஒதுக்குங்கள் ஐயா. சர்வீஸுக்குக் கொண்டு போகும் முன் திரையில் வந்த செய்தியை மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், டேட்டாவைக் காப்பி எடுக்காமல் ஃபார்மட் செய்ய விடாதீர்கள் என்று இரண்டு வரி போட்டாலும் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், விருதுநகர்.