பெயர் போட்ட தாளில் பிள்ளை உண்மை எழுதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பதினாறு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குச் சமூக ஊடகக் கணக்கு கூடாது என்ற பேச்சு கிளம்பியதில் இருந்து, எங்கள் பட்டர்வொர்த் பக்கம் எந்தப் பெற்றோர் கூட்டத்துக்குப் போனாலும் இதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். என் மகள் படிவம் இரண்டில் படிக்கிறாள். டிக்டாக், இன்ஸ்டாகிராம் பழக்கத்தை அளக்க வேண்டும் என்று அவள் பள்ளியில் ஒரு கேள்வித்தாள் கொடுத்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் தாளின் மேலே பெயரையும் வகுப்பையும் எழுதச் சொல்லி, வகுப்பாசிரியரே வாங்கி வைத்துக்கொண்டு, புள்ளிகள் அதிகம் வந்தால் வீட்டுக்குத் தகவல் வரும் என்றும் சொல்லிவிட்டார்கள். அப்புறம் எந்தப் பிள்ளை மனம் திறந்து எழுதும்?

சமூக ஊடகப் பழக்கம் சிக்கலாகிவிட்டதா என்று அளக்க நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட அளவுகோல் ஒன்று இருக்கிறது. கடந்த ஓராண்டை நினைத்து, ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்ல வேண்டிய ஒன்பதே கேள்விகள். நேரத்தைக் குறைக்க முயன்று முடியாமல் போனதா, மனக்கஷ்டத்தை மறக்க அதற்குள் போகிறாயா, பார்க்க முடியாதபோது தவிப்பாக இருக்கிறதா, இதனால் வீட்டில் பெரிய சண்டை வந்ததா என்றெல்லாம் கேட்கும். அதில் ஒன்று, எவ்வளவு நேரம் செலவிடுகிறாய் என்பது பற்றி அம்மா அப்பாவிடமோ நண்பர்களிடமோ அடிக்கடி பொய் சொன்னாயா என்பது. பெயர் போட்ட தாளில், அம்மா கைக்குப் போகும் என்று தெரிந்தே இதற்கு ஆம் என்று டிக் போடும் பிள்ளையை நான் பார்த்ததில்லை. அதிகம் மறைக்கிற பிள்ளைக்குத்தான் உதவி அதிகம் தேவை, அந்தப் பிள்ளையே குறைந்த புள்ளியோடு தப்பித்துப் போய்விடும்.

உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம் 2024இல் சொன்ன கணக்கைப் பலர் படித்திருப்பீர்கள். சமூக ஊடகத்தைச் சிக்கலாகும் அளவுக்குப் பயன்படுத்தும் பிள்ளைகள் 2018இல் 7 விழுக்காடு, 2022இல் அது 11 விழுக்காடாக ஏறியது, பெண் பிள்ளைகளிடம் 13. 44 நாடுகள், பகுதிகளில் 11, 13, 15 வயதுப் பிள்ளைகள் ஏறக்குறைய 280,000 பேரிடம், யார் என்ன எழுதினார்கள் என்று யாருக்கும் தெரியாதபடி கேட்டு எடுத்த கணக்கு அது. கேள்விகள் அதே ஒன்பதுதான். ஆனால் நெதர்லாந்துக்காரர்கள் ஐந்து ஆம் வந்தாலே சிக்கல் என்று கோடு போட்டார்கள், இவர்கள் ஆறில் போட்டார்கள். அப்படி என்றால் ஐந்து ஆம் சொன்ன பிள்ளையை என்னவென்று அழைப்பது? அதே நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் வீடியோ விளையாட்டுக் கோளாறு உண்டு, சமூக ஊடக அடிமைத்தனம் என்று தனியாக ஒன்றும் கிடையாது. இந்தப் புள்ளியை வைத்துப் பிள்ளைக்கு முத்திரை குத்துவது எந்த விதத்திலும் நியாயமில்லை.

மணி நேரத்தை மட்டும் எண்ணுவதும் போதாது. ஊரில் இருக்கும் அத்தை மகளோடு இரண்டு மணி நேரம் வீடியோ காலில் பேசுவதும், விடியற்காலை வரை தூக்கம் கெட்டு வீடியோ தள்ளிக்கொண்டே இருப்பதும் ஒன்றாகுமா?

பள்ளிகளிடம் நான் கேட்பது இதுதான். எத்தனை பேருக்குச் சிக்கல் என்று அறிய வேண்டுமானால் பெயரில்லாமல் கேளுங்கள். பெயர் தெரிந்தே ஆக வேண்டும் என்றால், ஆலோசக ஆசிரியர் தனியறையில் கேட்கட்டும், பதில் அந்த அறையிலேயே இருக்கட்டும், வீட்டுக்குச் சொல்வதாக இருந்தால் பிள்ளையிடம் முதலில் பேசிவிட்டுச் சொல்லட்டும். அடுத்த தவணை தொடங்குவதற்குள் இதைச் செய்ய முடியும்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
பட்டர்வொர்த், பினாங்கு.