அரியலூர் முறுக்கும் டைனோசர்களின் முடிவும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் சென்ற இதழில் டைனோசர்கள் அழிந்தது குறித்து வந்த கட்டுரையில் விண்கல், எரிமலை, கடல்மட்டம் எல்லாம் விரிவாகப் பேசப்பட்டிருந்தும் பலகாரத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது, அரியலூரில் பிறந்து வளர்ந்து கணித ஆசிரியராக ஓய்வுபெற்ற எனக்கு மிகுந்த மனக்குறையை அளித்தது.

மகாராஷ்டிரத்தின் பிஸ்துராவில் கிடைத்த, கல்லாகிப்போன டைனோசர் சாணத்தில் புல்வகைகளின் நுண்துகள்கள் இருப்பதை ஆய்வாளர்கள் 2005-இல் அறிவித்தார்கள். அவற்றுள் சில நெல்லின் இனத்தைச் சேர்ந்தவை என்பது 2011-இல் வெளியாயிற்று. இதுவரை சொன்னது அறிவியல். இனி வருவது என் பங்கு. நெல் இருந்தால் அரிசி இருந்திருக்கும், அரிசி இருந்தால் மாவு இருந்திருக்கும், மாவை வீட்டில் வைத்துக்கொண்டு முறுக்கு சுற்றாமல் சும்மா இருந்த உயிரினம் எதையும் நான் கண்டதில்லை.

அந்த முறுக்குகள் எங்கே என்று கேட்பவர்கள் எங்கள் ஊர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களின் பக்கம் ஒருமுறை வந்து பார்க்கலாம். நடுவில் இறுக்கமாகத் தொடங்கி, சுற்றுக்குச் சுற்று பருத்து, மேலெல்லாம் விரலால் முறுக்கிவிட்டாற்போல் வரிவரியாக இருக்கும் அந்தக் கல்லை அம்மோனைட் என்கிறார்கள்; என் துணைவியார் சுற்றும் ஐந்து சுற்றுக் கைமுறுக்கின் பக்கத்தில் வைத்தால், நிறத்தைத் தவிர வேறு வேற்றுமை எனக்குத் தெரியவில்லை. இந்த அம்மோனைட்டுகளும் டைனோசர்களும் ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரே காலத்தில் மறைந்தன என்பதை எல்லா நூல்களும் ஒப்புக்கொள்கின்றன. முறுக்கு தீர்ந்தது, உண்டவரும் தீர்ந்தார் என்று கூட்டிப் பார்க்க மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

நிலவியல் படித்த என் மருமகன், "மாமா, அது கடலில் வாழ்ந்த கணவாய் இனத்து உயிரி, அரியலூர் அப்போது கடலாக இருந்தது" என்று மறுத்தார். கடல் இல்லாமல் உப்புக்கு எங்கே போயிருப்பார்கள் என்று கேட்டேன்; பதில் இல்லை. ஆயினும், தீபாவளியன்று பலகாரத் தட்டில் கவனக்குறைவாக இருந்துவிட்ட ஓர் அம்மோனைட்டை எடுத்து நக்கிப் பார்த்த சம்பந்தி, "உப்பு போதவில்லையே" என்று சொல்லிவிட்டு அடுத்த கணம் கடித்தும் விட்டதால், இந்தப் பகுதியில் என் ஆய்வு சற்றே பின்னடைந்திருக்கிறது. கடைவாய்ப் பல்லுக்கான செலவை நானே ஏற்றுக்கொண்டேன்.

எங்கள் மாவட்டத்துக் கல்லமேட்டில் கிடைத்து, 1987-இல் யாதகிரி, அய்யாசாமி ஆகியோரால் புருஹத்காயோசரஸ் என்று பெயரிடப்பட்ட பேருருவ விலங்கின் எலும்புகள் பின்னர் உதிர்ந்து பொடியாகிவிட்டன. மாவில் வெண்ணெய் கூடினால் முறுக்கு எண்ணெயிலேயே உதிர்ந்துபோகும் என்பது அடுப்படியில் நின்றவர்கள் அனைவரும் அறிந்ததுதான். அந்த விலங்கு எத்தகைய முறுக்கைத் தின்று அந்த உடம்பை வளர்த்தது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

டைனோசர்களை அழித்த விண்கல் விழுந்த இடம் என்று ஆய்வாளர்கள் காட்டும் மெக்சிகோவின் சிக்சுலுப் பள்ளத்தையும் நான் மறுக்கவில்லை. சுமார் 180 கிலோமீட்டர் அகலமுள்ள அந்தப் பள்ளத்தை உண்டாக்கியது விண்கல்தானா என்பதே என் ஐயம். ஈரம் போகாத மாவை அழுத்தி உருட்டிய சீடை, மேல்பகுதி இறுகியதும் உள்ளே சிக்கிய நீராவியால் வெடித்துப் பறப்பதையும், கோகுலாஷ்டமி தோறும் எங்கள் வீட்டு அடுப்படிக் கூரையில் அது விட்டுச்செல்லும் தடங்களையும் பார்த்தவன் நான். வந்து விழுந்தது ஏறத்தாழ பத்து கிலோமீட்டர் விட்டமுள்ள உருண்டை என்று அந்த ஆய்வாளர்களே சொல்கிறார்கள். உருட்டியவர் ஊசியால் ஒரு குத்து குத்தியிருந்தால் இவ்வளவும் நேர்ந்திராது.

தங்கள் குழுவினரின் பரிசீலனைக்காக ஒரு கைமுறுக்கையும் ஓர் அம்மோனைட்டையும் தனித்தனிப் பொட்டலங்களில் அனுப்பியுள்ளேன். எது எதுவென்று மேலே எழுத மறந்துவிட்டேன். பிரித்தவுடன் யாரும் கடிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
அரியலூர்.